உப்புக் கணக்கு

விகனில், ரயில் பாலத்துக்குப் பின்னால்
நான் வேலை செய்யும் பாண் தொழிற்சாலை.
சேர்ந்த வருடம், கலவை மேசைக்கு மேலே
ஒட்டியிருந்த தாளில்
நூறு கிலோ மாவுக்கு இரண்டு கிலோ உப்பு.

அடுத்த பனிக்காலம் ஒன்று தசம் ஒன்பது.
பிறகு ஒன்று தசம் எட்டு.
பிறகு நெடுநாள் அசையாமல் நின்றது.
அமைச்சர் மாறியதால் என்றாள் கிளெனிஸ்,
மேலாளர் மாறியதால் என்றான் டெரெக்.

உப்புக் குறைந்தால் ஈஸ்ட்டுக்குப் பயம் விட்டுப்போகும்.
மாவு நேரத்துக்கு முன்னமே பொங்கும்,
இயந்திரத்தின் பல்லிடுக்கில் அப்பும்.
சுரண்டினோம். தண்ணீரைக் குளிராக்கினோம்.
அரசைத் திட்டினோம்.

உறையில் மட்டும் ஒரு வார்த்தை போடவில்லை.
உப்புக் குறைவு என்று எழுதினால்
நாக்கு கடிக்கும் முன்பே முகம் சுளிக்குமாம்.
ஊருக்குத் தெரியாமல்
ஊரின் நாக்கைப் பழக்கினார்கள்.
ஒன்பது வருடத்தில் வந்த முறைப்பாடுகளில்
உப்பைப் பற்றி ஒன்றுகூட இல்லை.
துண்டு மெலிந்துவிட்டது என்றுதான்
கால்வாய்க் கரையிலிருந்து ஒருவர்
மாதம் தவறாமல் எழுதுவார்.

போன மார்ச்சில் எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம்.
நாடெங்கும் குலுக்கி எடுத்த முகவரிகளில்
எங்களுடையதும் விழுந்திருந்தது.
பெர்னிஸ் என்ற தாதி வந்தாள்.
ஐந்து லீட்டர் கலன், ஒரு புனல், ஒரு குடுவை,
மறக்காமலிருக்க உள்ளாடையில் குத்திக்கொள்ள
பெரிய ஊக்கு ஒன்று.
மூன்று மாத்திரைகளும் தந்தாள்:
ஒரு சொட்டு விட்டுவிட்டாலும்
என்னைக் காட்டிக்கொடுக்கிற மாத்திரைகள்.

இருபத்துநான்கு மணி நேரம்
போன இடமெல்லாம் என்னோடு வந்தது கலன்.
பஸ்ஸில், கறுப்புப் பைக்குள் அது குலுங்க,
வீட்டில் வடித்த பியரா என்று கேட்டார்
பக்கத்தில் இருந்தவர்.
ஆமென்று தலையாட்டினேன்.
எப்படி வந்திருக்கிறது என்றார்.
இன்னும் தெரியாது என்றேன், அது உண்மை.

நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால்
எல்லோருமே கொஞ்சம் நல்லவர்களாகிவிடுகிறோம்.
கருவாட்டை மறக்கிறோம்,
இரவு இரண்டு மணிச் சிப்ஸ் பொட்டலத்தை
யாரோ தின்றதாக நினைக்கிறோம்.
சிறுநீருக்கு மானமும் இல்லை, மறதியும் இல்லை.

நீ போட்ட உப்பை
நீயே அளந்து கொடுக்கிறாய் என்று சிரித்தாள் கிளெனிஸ்.

ஆறு கிராம் போதும் என்கிறது அரசு.
என் கணக்கு எட்டு தசம் நாலு.
யோகமலர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள்.
"பாணிலதான் இருந்திருக்கும்."
"பாணில குறைச்சாச்சு."
"அப்ப?"
இருவரும் அலுமாரியின் மேல்தட்டைப் பார்க்கவில்லை.
அங்கே நார்த்தங்காய் ஊறுகாய்,
தன் எண்ணெய்க்குள் அமைதியாக.

அண்ணன் சிவகடாட்சம்
ஐம்பத்திரண்டு வயதில் குளியலறையில் விழுந்தார்.
இடது கை இன்றுவரை அவர் பேச்சைக் கேட்பதில்லை.
வந்த பக்கவாதத்துக்கு ஒரு முகம் இருக்கிறது,
சக்கர நாற்காலி இருக்கிறது,
பார்க்கப் போகிற ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.
வராத பக்கவாதத்துக்கு என்ன இருக்கிறது?
இந்த ஊரில் எவரோ ஒருவர்
இன்று காலை இரண்டு கையாலும்
கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு
மழையைத் திட்டியபடி வெளியே போயிருப்பார்.
அவர் யாரென்று
அவருக்கே தெரியாது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்
எங்கள் மொழியில்.
உப்பை எடுத்தவரை?

நேற்றிரவு புதுத் தாள் ஒட்டியிருந்தது.
ஒன்று தசம் ஐந்து.
டெரெக் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுக்
கையுறையை மாட்டினான்.
நான் அள்ளிய உப்பில் ஒரு பிடி கூடுதலாயிருந்தது.
தராசின் எண்கள் நிலைக்கும்வரை
அதைக் கையிலேயே வைத்திருந்தேன்,
பிறகு சாக்குக்குள் திருப்பிப் போட்டேன்.
விரலில் ஒட்டியிருந்ததை
வழக்கம்போல
நக்கிக்கொண்டேன்.